ஆன்சிபிளில் 'வென்': எந்த சர்வரில் எந்த வேலை ஓடணும்?

மண்ணடி, பாரிமுனைப் பக்கம் இருக்கிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களில் எல்லா சர்வரும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். ஒன்றில் ராக்கி லினக்ஸ், இன்னொன்றில் உபுண்டு. இரண்டிலும் அப்பாச்சி வெப் சர்வர் போடணும். உபுண்டுவில் பேக்கேஜ் பெயர் அப்பாச்சி2, ராக்கியில் ஹெச்டிடிபிடி. அதற்காக ஆன்சிபிளில் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) இரண்டு பிளேபுக் (டாஸ்க்குகளை, அதாவது வேலைகளை, எழுதி வைக்கும் கோப்பு) வேண்டாம். எந்த டாஸ்க் எங்கே ஓடணும் என்பதை 'வென்' என்ற நிபந்தனை வரியே சொல்லிவிடும்.

படி 1. பிளேபுக்கில் கேதர்_ஃபேக்ட்ஸை நிறுத்தி வைத்திருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். சர்வரைப் பற்றிய விவரங்களை ஆன்சிபிள் திரட்டினால்தான் அவற்றை வைத்து நிபந்தனை போட முடியும்.

படி 2. டாஸ்க்கை எழுதுங்கள். இங்கே தமிழில் தந்திருக்கிறேன், கோப்பில் ஆங்கில எழுத்தில் அடிக்கணும்.

```
- நேம்: உபுண்டுவில் அப்பாச்சி
  ஏபிடி:
    நேம்: அப்பாச்சி2
    ஸ்டேட்: பிரசன்ட்
  வென்: ஆன்சிபிள்_ஃபேக்ட்ஸ்['ஓஎஸ்_ஃபேமிலி'] == 'டெபியன்'
```

'ஏபிடி' என்பது உபுண்டுவில் பேக்கேஜ் போடும் மாட்யூல். உபுண்டு டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தது, அதனால்தான் மதிப்பு 'டெபியன்'. 'வென்' நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். 'ஏபிடி' தொடங்கும் அதே நேர்கோட்டில் நிற்கணும். இரண்டு ஸ்பேஸ் உள்ளே தள்ளிவிட்டால் அதை ஏபிடியின் பாராமீட்டர் என்று நினைத்து ஆன்சிபிள் எகிறும். புதுசாக வருகிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். இரட்டை நெளிவு அடைப்புக்குறியும் தேவையில்லை, 'வென்' வரி முழுக்கவே ஜின்ஜா (ஆன்சிபிள் பயன்படுத்தும் டெம்ப்ளேட் மொழி) கணக்குதான்.

படி 3. ராக்கிக்கு இதே மாதிரி இன்னொரு டாஸ்க். ஏபிடிக்குப் பதில் ராக்கியில் பேக்கேஜ் போடும் டிஎன்எஃப், பேக்கேஜ் ஹெச்டிடிபிடி, மதிப்பு 'ரெட்ஹேட்'. நடுவில் ஸ்பேஸ் கிடையாது. ஆர், ஹெச் இரண்டும் பெரிய எழுத்து. பிசகினால் பிழை வராது, டாஸ்க் சத்தமில்லாமல் ஸ்கிப் ஆகிவிடும்.

இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்தணும் என்றால் 'வென்' கீழே பட்டியலாக எழுதுங்கள். ஏதாவது ஒன்று போதும் என்றால் ஒரே வரியில் 'ஆர்' (அல்லது) போடுங்கள். மூன்று, நான்கு நிபந்தனை சேர்ந்தால் இன்வென்டரியில் (சர்வர் பட்டியல் கோப்பு) சர்வர்களைக் குரூப்பாகப் பிரிப்பதே மேல் என்பேன்.

படி 4. நீங்களே கொடுக்கும் மதிப்பையும் நிபந்தனையாக்கலாம், உதாரணமாக பேக்கப் எடுக்கணுமா என்பதை. ஆனால் கட்டளை வரியில் '-இ பேக்கப்=ஃபால்ஸ்' என்று கொடுத்தால் போய்ச் சேருவது வெறும் எழுத்துச்சரம். காலியில்லாத சரம் என்பதால் சில பழைய பதிப்புகளில் 'வென்: பேக்கப்' உண்மையாகி, வேண்டாம் என்று சொன்ன பேக்கப் ஓடும். ஆன்சிபிள்-கோர் 2.19 முதல் பிழை காட்டி நின்றுவிடும். எந்தப் பதிப்பானாலும் 'வென்: பேக்கப் | பூல்' என்று எழுதுங்கள், 'பூல்' அந்தச் சரத்தை உண்மை/பொய் மதிப்பாக மாற்றிவிடும்.

படி 5. '--லிமிட்' கொடுத்து முதலில் உபுண்டு சர்வரில் மட்டும் ஓட்டுங்கள். ராக்கி டாஸ்க்குக்கு 'ஸ்கிப்பிங்' என்று வரணும். இரண்டு டாஸ்க்குமே ஸ்கிப் ஆனால் ஓஎஸ்_ஃபேமிலியின் மதிப்பை டீபக் மாட்யூலால் அச்சடித்துப் பாருங்கள்.