அதிக ஆட்டங்களில் இறங்கிய பேஸ்பால் பிட்சர்களின் பட்டியலைப் படிப்பது எப்படி

பெங்களூரில் இருந்துகொண்டு மேஜர் லீக் பேஸ்பால் பார்க்க லாஸ் ஏஞ்சலீஸ் ஆட்டங்கள்தான் வசதி. அங்கே இரவு 7:10-க்குத் தொடங்கினால் நமக்குக் காலை 7:40. அல்சூரில் மெட்ரோ ஏறி வைட்ஃபீல்டு ஆபீசுக்குப் போய்ச் சேரும் ஒன்பது மணி வாக்கில் ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர்) களைத்துப் போய், அவருக்குப் பதிலாக வீச வரும் ரிலீவர்கள் ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்திருப்பார்கள். ஒரு சீசனில் அதிக ஆட்டம் ஆடியவர்கள் என்ற பட்டியல் முழுக்க இவர்களுடையதுதான். ஐந்து நாளைக்கு ஒருமுறை இறங்கும் ஸ்டார்ட்டர், 162 ஆட்ட சீசனில் 33, 34-ஐத் தொட்டாலே பெரிது.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் பிட்சரின் பக்கத்தைத் திறந்தால் ஜி (ஆடிய ஆட்டங்கள்), ஜிஎஸ் (ஸ்டார்ட்டராக இறங்கியவை), ஐபி (வீசிய இன்னிங்ஸ்) என்று கட்டங்கள் இருக்கும். பலர் ஜியோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. ஐபியையும் சேர்த்துப் பாருங்கள். அதில் 62.2 என்று இருந்தால் 62 இன்னிங்ஸும் 2 அவுட்டும் என்று அர்த்தம், கிரிக்கெட்டில் 3.2 ஓவர் என்று போடுகிற மாதிரிதான். ஒரு இன்னிங்ஸுக்கு பிட்சர் எடுக்க வேண்டியது மூன்று அவுட், ஆகவே 62-ஐ மூன்றால் பெருக்கி 2-ஐக் கூட்டுங்கள், 188 அவுட். அதை ஜியால் வகுத்தால் ஒரு ஆட்டத்துக்கு அவர் எத்தனை அவுட் எடுத்தார் என்று தெரிந்துவிடும்.

இது நிஜக் கணக்குதான். 2010-இல் மெட்ஸ் அணியின் இடதுகை ரிலீவர் பெட்ரோ ஃபெலிசியானோ 92 ஆட்டங்களில் இறங்கி 62.2 இன்னிங்ஸ் வீசினார், ஆட்டத்துக்கு இரண்டே அவுட். சரி, ஒரே சீசனில் அதிக ஆட்டம் என்ற சாதனையை வைத்திருக்கும் மைக் மார்ஷலை எடுங்கள்: 1974, டாட்ஜர்ஸ், 106 ஆட்டம், 208.1 இன்னிங்ஸ், அத்தனையும் ரிலீவராக. ஆட்டத்துக்கு கிட்டத்தட்ட ஆறு அவுட்! நடுவில் தொடர்ந்து 13 ஆட்டங்களில் வேறு இறங்கினார். அந்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் வாங்கினார், அதை வாங்கிய முதல் ரிலீவர் அவரேதான். இந்த 106-ஐ இனி யாரும் தொடப் போவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பட்டியலில் ஒரே எண் இரண்டு பேருக்கு இருந்தால் இந்த வகுத்தல் இன்னும் நன்றாகக் கைகொடுக்கும். பிட்ஸ்பர்க் பைரட்ஸுக்கு கென்ட் டெகுல்வி 1979-இல் 94 ஆட்டம் ஆடினார், சலமோன் டோரஸ் 2006-இல் அதே 94. ஆனால் டெகுல்வி வீசியது 134 இன்னிங்ஸுக்கு மேல், டோரஸ் 93 சொச்சம்.

அப்புறம் வருடத்தையும் பாருங்கள். 2020 முதல் இறங்குகிற பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும், இல்லையென்றால் அந்த அரை இன்னிங்ஸ் (ஓர் அணி பேட் செய்யும் முறை) முடிய வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஒரே ஒரு பேட்டருக்காக வந்து போகும் இடதுகை ஆட்களின் பிழைப்பு அதோடு போயிற்று, ஆகவே 2010-இன் 92-ஐயும் இன்றைய எண்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

புல்பென்னில் (ரிலீவர்கள் காத்திருந்து வீசிப் பழகும் இடம்) எழுந்து கை சூடேற்றிவிட்டு, ஆட்டத்தில் இறங்காமலே திரும்ப உட்கார்ந்த நாட்கள் ஜியில் ஏறாது. தோள் தேய்வது அன்றைக்கும்தான், அதற்கு ஒரு கட்டம் இல்லாதது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

சீசன் நடுவே அணி மாறியவருக்கு அணிவாரியாகத் தனித்தனி வரிகள் இருக்கும், எண்ணை எடுக்கும்போது மொத்தம் போட்ட வரியைப் பாருங்கள்.