தரை நனைந்தால் தொடருங்கள், பிள்ளை ஒளிந்தால் நிறுத்துங்கள்

செங்கோட்டை, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு என்று இருக்கிற நம்ம பக்கத்து வீடுகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு டயப்பரை நிறுத்திவிட்டு கக்கூஸ் பழக்கப்படுத்துவதை ஆனி, ஆடிச் சாரலில் ஆரம்பிக்காதீர்கள். தென்மேற்குப் பருவமழை கணவாய் வழியாக நம்மை நனைக்கிற அந்த மாதங்களில் கொடியில் போட்ட ஜட்டி மறுநாளும் ஈரமாகவே தொங்கும், தரை காயாது, பின்கட்டில் கக்கூஸ் இருக்கிற வீடென்றால் வழுக்குகிற முற்றத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மாசி, பங்குனி, சித்திரைதான் தோதான காலம். காலையில் துவைத்தது மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும், பிள்ளை வெறும் உடம்போடு திரிந்தாலும் சளி பிடிக்குமே என்று யாரும் பதற மாட்டார்கள்.

அதைவிட முக்கியம் பிள்ளை தயாரா என்பது. பெரும்பாலும் 18 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் அது வரலாம். இரண்டு மணி நேரமாவது நனையாமல் இருக்கிறதா, ‘செருப்பை எடுத்துட்டு வந்து இங்க வை’ என்றால் இரண்டையும் செய்கிறதா, ஈரத்துணி பட்டால் முகம் சுளிக்கிறதா, டவுசரைத் தானே இறக்கப் பார்க்கிறதா, ஆய் போகும்போது விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு மாதிரி நிற்கிறதா என்று பாருங்கள். இதில் பாதிக்கு மேல் இருந்தால் ஆரம்பிக்கலாம். ‘எம்பிள்ளைகளெல்லாம் ஒரு வயசுலயே பழகிட்டுது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் மேல் குழந்தையைக் குந்தவைத்து, ஸ்ஸ்ஸ் என்று சத்தம் கொடுத்துப் போகவைப்பார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் அங்கே நேரம் பார்ப்பது ஆச்சி. பிள்ளை தானே உணர்ந்து, கொஞ்ச நேரம் அடக்கி, வாயைத் திறந்து சொல்லிப் போவது வேறு வேலை, அதற்கு நரம்பும் மூளையும் வளர்ந்து வர வேண்டும், நாம் அவசரப்பட்டு எதுவும் ஆகாது.

சரி, எப்படி ஆரம்பிப்பது? பாத்திரக்கடையிலேயே கிடைக்கிற பிளாஸ்டிக் ‘பாட்டி’ (potty, பிள்ளை உட்கார்ந்து போகிற சின்ன இருக்கை) ஒன்று போதும், பாட்டு பாடுகிற விலையுயர்ந்த சமாச்சாரம் எதுவும் தேவையில்லை. இந்தியன் கக்கூஸின் குழியைப் பார்த்து நிறைய பிள்ளைகள் பயப்படும், கால் அகட்டி நிற்கவும் எட்டாது, அதனால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெஸ்டர்ன் என்றால் மேலே சின்ன வளையம் போட்டு, காலுக்குக் கீழே கட்டாயம் ஒரு முக்காலி வையுங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்கவே வராது, முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த கால் மணி, அரை மணி நேரத்தில் உட்காரவைப்பது நல்லது, வயிறு நிறைந்ததும் குடல் தானாக அசையும். மூன்று, நான்கு நிமிஷம் உட்காரட்டும், வரவில்லையென்றால் எழுப்பிவிடுங்கள். போனைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் உட்காரவைப்பதில் பிரயோஜனம் இல்லை. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி கேளுங்கள், ஒண்ணுக்கு என்றால் எல்லாருக்கும் ஒண்ணுக்குத்தான். பெண் பிள்ளைக்கு முன்னாலிருந்து பின்னால் கழுவிவிடுங்கள். பாட்டியில் போனதை வாய்க்காலில் கொட்டாமல் கக்கூஸில் கொட்டுங்கள், சின்னப் பிள்ளை மலத்திலும் பெரியவர்களுடையதைப் போலவே கிருமி உண்டு. அப்புறம் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இப்போது எல்லாரும் திணறுகிற இடத்துக்கு வருகிறேன். ஆரம்பித்தாயிற்று, வீடெல்லாம் ஈரம், தொடர்வதா விடுவதா?

ஈரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் மறந்துபோய் நின்ற இடத்திலேயே போய்விட்டு, குனிந்து பார்த்து ‘அம்மா, தண்ணி’ என்று காட்டுகிற பிள்ளை கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. முதலில் போனபிறகு சொல்லும், பிறகு போகும்போதே சொல்லும், கடைசியில்தான் போவதற்கு முன்னால் சொல்லும். போன வாரத்தைவிட இந்த வாரம் கொஞ்சமாவது முன்னேற்றம் இருக்கிறது, பாட்டியில் உட்காரச் சொன்னால் அழுகை இல்லை என்றால் விடாமல் தொடருங்கள். வீட்டில் இருக்கும்போது டயப்பரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தால் பிள்ளை குழம்பிப்போகும். பஸ்ஸில் புனலூர், கொல்லம் என்று போகும்போது மட்டும் போட்டுவிடுங்கள், சபரிமலை சீசனில் அந்த ரோட்டில் எங்கே எவ்வளவு நேரம் நிற்போம் என்று சொல்ல முடியாது.

நிறுத்த வேண்டிய அடையாளம் வேறே. பிள்ளை ஆய் வரும்போது கதவுக்குப் பின்னால் போய் ஒளிகிறது. திரைச்சீலையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று, தொடையை ஒட்டவைத்து, முகமெல்லாம் சிவந்து, கிட்டே போனால் ‘போ போ’ என்று கத்துகிறது. முக்குகிறது என்று நினைத்துவிடுவோம், ஆனால் அது அடக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை இறுகிய மலம் போய் வலித்திருக்கும், அந்தப் பயத்தில் அடுத்ததை அடக்கும், அடக்க அடக்கக் குடல் அதிலிருக்கிற தண்ணீரை உறிஞ்சி இன்னும் கல்லாக்கும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும். இப்படியே போனால் மலக்குடல் விரிந்து, ஆய் வருகிற உணர்வே மழுங்கிவிடும், இறுகிய மலக்கட்டிக்குப் பக்கவாட்டில் தண்ணியாகக் கசிந்து ஜட்டியில் படும், அதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று மருந்து கொடுப்பவர்களும் உண்டு. இந்த நிலையில் ‘உட்காரு, உட்காரு’ என்று ஒரு நாள்கூட மல்லுக்கட்டாதீர்கள். அன்றைக்கே டயப்பரைத் திரும்பப் போடுங்கள், திட்டாமல், ‘இன்னும் கொஞ்ச நாள் கழிச்சுப் பாப்போம்’ என்று மட்டும் சொல்லி. ஒண்ணுக்கு நன்றாகப் போகிறது, ஆய்க்கு மட்டும்தான் பயம் என்றால் அதை மட்டும் டயப்பரில் போகட்டும், பாத்ரூமுக்குள் வந்து போனால் போதும் என்று பழக்குங்கள்.

முதலில் மலத்தை இளக்க வேண்டும். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போகிறதா பாருங்கள், பால் குடித்தே வயிற்றை நிரப்பிக்கொள்கிற பிள்ளைக்கு மலச்சிக்கல் சகஜம். ஏத்தங்காய் மாவுக் கஞ்சி கொடுக்கிற வீடென்றால் சிலநாள் குறைத்துப் பாருங்கள். பப்பாளி, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை, கீரை, நிறையத் தண்ணீர் கொடுங்கள். வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது இதெல்லாம் வேண்டவே வேண்டாம், பயந்த இடத்திலேயே இன்னும் பயத்தை ஏற்றுகிற வேலை அது. சாப்பாட்டில் சரியாகவில்லையென்றால் குழந்தை டாக்டர் மலம் இளக்கும் மருந்து எழுதிக் கொடுப்பார். வலி போனதும் நிறுத்திவிடாமல் அவர் சொன்ன காலம் வரைக்கும் கொடுங்கள், பயம் மறக்க வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

தம்பிப் பாப்பா பிறந்த வேளை, வீடு மாறுகிற வேளை, காய்ச்சலில் கிடந்து எழுந்த வேளை, அப்பா வளைகுடாவுக்குத் திரும்புகிற மாதம், இதெல்லாமும் தள்ளிப்போட வேண்டிய நேரம்தான். நன்றாகப் பழகிய பிள்ளைகூட இப்போது திரும்ப நனைக்கலாம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும். நிறுத்தினால் ஒன்றிலிருந்து மூன்று மாதம் முழுசாக நிறுத்துங்கள், நடுவில் ‘இன்னிக்கு உக்காரியா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது நிறுத்தினதாகாது. பால்வாடியிலோ ப்ரீகேஜியிலோ சேர்க்க வேண்டுமே என்ற அவசரம் புரிகிறது, ஆனால் டீச்சரிடம் நேராகப் பேசி இரண்டு மாற்றுத்துணி கொடுத்து அனுப்புவது பிள்ளையிடம் மல்லுக்கட்டுவதைவிடச் சுலபம்.

ராத்திரி நனைப்பதை இதோடு சேர்க்காதீர்கள். 5 வயது வரைக்கும் அது சாதாரணம், ரப்பர் ஷீட் விரித்துவிட்டுத் தூங்குங்கள்.

ஒண்ணுக்குப் போகும்போது அழுகிறது, காரணம் தெரியாத காய்ச்சல், மலத்தில் ரத்தம், எப்போதும் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது, 4 வயதாகியும் பகலில் பழகவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று அடிக்கடி ஒண்ணுக்குப் போய், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, உடம்பும் மெலிந்தால் நாள் கடத்தாமல் அன்றைக்கே போய்ச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.