டபுளர் போட்டும் வோல்டேஜ் ஏறவில்லையா?

கடலூர், புதுச்சேரி பக்கம் பாலிடெக்னிக் மாணவர்கள் மினி ப்ராஜெக்ட்டுக்கு அடிக்கடி எடுப்பது வோல்டேஜ் டபுளர், அதாவது வோல்டேஜை இரண்டு மடங்காக்கும் சர்க்யூட். இரண்டு டையோடு, இரண்டு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். ஆனால் "சார், டபுளே ஆகலை" என்று போர்டைக் கொண்டு வருபவர்கள் நிறைய. நான் முதலில் கேட்பது சப்ளையைப் பற்றித்தான்.

"12 வோல்ட் பேட்டரி, 555 டைமர்" என்று பதில் வந்தால் தவறு பாதி தெரிந்துவிடும். பேட்டரியை நேராகக் கொடுத்தால் ஒன்றும் பெருகாது, ஏறி இறங்கும் அலை வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்; அந்த அலையை உண்டாக்கத்தான் 555 என்ற சிப். ஆனால் பாடப்புத்தகப் படம் டிரான்ஸ்பார்மருக்கானது. அங்கே அலை பூஜ்யத்துக்கு மேலும் கீழும் போகும். 555 தரும் அலை பூஜ்யத்துக்கும் சுமார் பத்தரை வோல்ட்டுக்கும் நடுவில்தான் ஆடுகிறது. டபுளர் நமக்கு டிசியாகத் தருவது அடியிலிருந்து உச்சி வரையிலான அந்த மொத்த ஆட்டத்தை. முதல் டையோடின் ஆனோடை (கரன்ட் உள்ளே நுழையும் காலை) கிரவுண்டில் வைத்தால், டையோடுகளுக்கு 1.4 வோல்ட் போக 9 வோல்ட்தான் மிஞ்சும். பேட்டரியைவிடக் குறைவு! அதே ஆனோடை பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் மாற்றிப் பாருங்கள், 21 வோல்ட் வரும். ஒரு வயர் மாற்றம்தான்.

டிரான்ஸ்பார்மர் வைத்தவர்கள் கெப்பாசிட்டர் வாங்குவதில் தடுமாறுகிறார்கள். 12-ம் 12-ம் 24 தானே என்று 25 வோல்ட் கெப்பாசிட்டர் போடுகிறார்கள். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருப்பது ஆர்எம்எஸ் அளவு, அதாவது அலையின் ஒருவகைச் சராசரி; உச்சி அல்ல. உச்சி 17 வோல்ட், டபுள் ஆனால் 34. கடைசி கெப்பாசிட்டர் 50 வோல்ட்டாவது தாங்க வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் என்றால் போலாரிட்டியும் முக்கியம். பாசிட்டிவ் டபுளரில் முதல் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் கால் டையோடுகள் சேரும் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் சூடாகி உப்பி வெடிக்கும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது லோடு, அதாவது வெளியே மாட்டும் பொருள் இழுக்கும் கரன்ட். லோடு இல்லாமல் மீட்டரில் சரியாகக் காட்டும், எல்இடியை மாட்டியதும் விழுந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சார்ஜைக் கைமாற்றுகின்றன. ஒரு டபுளர் மேல் இன்னொன்றாகப் படிகளைக் கூட்டக் கூட்ட, இழப்பு படிகளின் எண்ணிக்கையின் கனத்தை (மூன்றாம் அடுக்கை) ஒட்டி ஏறும். ஒரு கணக்கு பாருங்கள். 50 ஹெர்ட்ஸ், எல்லாமே 100 மைக்ரோஃபாரட், 10 மில்லிஆம்பியர் லோடு. டபுளரில் விழுவது 2 வோல்ட். மூன்று படி அடுக்கி ஆறு மடங்காக்கினால் 44 வோல்ட்! உச்சி 17-இன் ஆறு மடங்காக 102 வர வேண்டிய இடத்தில், டையோடுகளுக்கும் போக, 54 தான் வரும். 1932-இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தது இந்த அடுக்குச் சர்க்யூட்டை வைத்துத்தான். அங்கே வேண்டியது லட்சக்கணக்கில் வோல்ட், கரன்ட் மிகச் சொற்பம். இது அந்த மாதிரி வேலைக்குப் பிறந்த சர்க்யூட். மோட்டார் ஓட்ட இதை நம்பாதீர்கள்.

இழப்பைக் குறைக்க நல்ல வழி ஃப்ரீக்வென்சியைக் கூட்டுவது. 50 ஹெர்ட்ஸை 50 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினால், அதே கெப்பாசிட்டர் கணக்கில் இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அப்புறம் டையோடும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். 1என்4007 கரன்ட் லைனுக்கு நல்லது; இந்த வேகத்தில் சட்டென்று அணையாமல் சூடேறும். வேகமாக அணையும் யூஎஃப்4007 டையோடு போடுங்கள்.

அலையைப் பெருக்காமல் மேலே நகர்த்த மட்டும் கிளாம்பர் போடுபவர்கள் கெப்பாசிட்டரைச் சின்னதாக வைத்துவிடுகிறார்கள். 1 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு 10 கிலோஓமும் 0.1 மைக்ரோஃபாரட்டும் போட்டால், ஒரு சுற்று முடிவதற்குள் சார்ஜ் பாதிக்கு மேல் வடிந்து அலை சாய்ந்துவிடும். 1 மைக்ரோஃபாரட் போட்டால் சரி.

நம் கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ திறந்து வைத்த போர்டில் உப்பு ஈரம் படியும். 12 வோல்ட்டுக்கு அது பெரிதாகத் தெரியாது. கொசு பேட் மாதிரி ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும் சர்க்யூட்டில் அந்தப் படலத்தின் வழியே கரன்ட் கசிந்து வோல்டேஜ் ஏறவே ஏறாது. டையோடு போய்விட்டது என்று மாற்றிக்கொண்டிருப்பார்கள். முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில், சால்டரிங் விட்டுப்போன ஃப்ளக்ஸ் கறையோடு சேர்த்துத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, பிறகு சோதியுங்கள். அந்த வோல்டேஜை சாதாரண மல்டிமீட்டரில் அளக்கவும் கூடாது.

டிரான்ஸ்பார்மர் இல்லாமல் வீட்டு 230 வோல்ட்டை நேரே டபுளருக்குக் கொடுப்பதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். வெளியே 650 வோல்ட் டிசி வரும், தொட்டால் உயிர் போகும். பழுதுபார்க்க வந்த போர்டில் அப்படி இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணாதீர்கள். காப்பிட்ட கிளிப் வயரில் 10 கிலோஓம், 10 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டரை மாட்டி ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் இறக்குங்கள். 100 மைக்ரோஃபாரட் இறங்க 5 விநாடி ஆகும். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகு கை வைக்கலாம்.