பாரில் (பவளப்பாறையில்) ஒரு நாள்: தூண்டிலும் ஸ்நார்க்கெல் மூச்சுக்குழாயும் கொண்டுபோகிறவர்கள் செய்யும் தவறுகள்

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஐந்தாறு நண்பர்கள் வாட்ஸ்அப்பில் கூடி, “சனிக்கிழமை பாம்பன். காலையில் தூண்டில், மதியம் பவளப்பாறை” என்று முடிவு செய்வார்கள். தேதி, கார், பிரியாணி எல்லாம் பேசிவிடுவார்கள். எந்தக் கடல் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். பாதித் தவறுகள் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

இராமநாதபுரத்துக்காரர்களுக்குக் கடல் இரண்டு. மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர் பேச்சில் வடகடல், தென்கடல். தென்மேற்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் குமுறும், வடகடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வாடை அடிக்கும் நவம்பர், டிசம்பரில் கதை தலைகீழ். ஒரு ஜூலையில் தென்கடல்தான் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தோம். படகுக்காரர் “காத்து சரியில்ல தம்பி, வடக்கால போவோம்” என்று இரண்டு முறை சொன்னார். கேட்கவில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கியவர்களுக்குத் தெரிந்தது கலங்கல் தண்ணீரும் அவரவர் கையும்தான். மூன்று பேர் வாந்தி. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரண்டு கடலும் ஓரளவு நிதானமாக இருக்கும். அப்போதும் விடியற்காலையில் கிளம்பினால்தான் காற்று எழும்புவதற்குள் நீரடி தெளிவாகத் தெரியும்.

அடுத்தது அனுமதி. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே மீன் பிடிக்கக் கூடாது, அனுமதியில்லாமல் தீவில் இறங்கவும் கூடாது. “தீவுல இறக்கி விடுறேன், ஆளுக்கு இவ்வளவு” என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அவற்றில் ஒன்றான குருசடைத் தீவைப் பார்க்க ஆசையென்றால், பாம்பனுக்கு அருகே உள்ள குந்துகாலிலிருந்து வனத்துறை ஏற்பாட்டில் போகலாம். அங்கே தூண்டிலுக்கு வேலையில்லை. ஆகவே ஒரே இடத்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்ற கணக்கை முதலில் கைவிட வேண்டும். தூண்டில் போடும் இடம் வேறு, முங்கிப் பார்க்கும் இடம் வேறு.

மீன்பிடித் தடைக்காலத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. நாட்டுப்படகு போகலாம். ஆனால் அந்த வெயில் காலம் பவளங்களுக்கு ஆகாத காலம். 2010-இலும் 2016-இலும் இந்தக் கடலின் வெப்பம் கூடிப் பவளங்கள் வெளுத்தன. ஏற்கெனவே துவண்டு கிடப்பதன் மேல் காலையும் வைக்க வேண்டுமா?

கால் வைப்பதுதான் தண்ணீருக்குள் நடக்கும் பெரிய தவறு. மூச்சுக்குழாயில் தண்ணீர் ஏறியதும் பதறிப்போய், கீழே எது இருந்தாலும் அதன் மேல் நின்றுவிடுவார்கள். பவளம் ஒடியும். உங்கள் காலும் கிழியும், அந்தக் காயம் லேசில் ஆறாது. மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பளவு மணல்தரையில் அரைமணி நேரம் பழகிவிட்டு அப்புறம் பாருக்குப் போங்கள். மீசை வைத்தவர்களுக்கு முகமூடிக்குள் தண்ணீர் கசியும், அதையும் கரையிலேயே சோதித்துக்கொள்ளலாம். முழுக்கைச் சட்டை அவசியம், குப்புற மிதக்கும்போது முதுகு வேகுவது தெரியவே தெரியாது. இந்தக் கரையில் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணி சுற்றி, உடம்பை மூடிக்கொண்டுதான் கடலில் இறங்குகிறார்கள்.

பூங்காவுக்கு வெளியே தூண்டில் போடுகிறவர்கள் படகைப் பாரின் மேலேயே நிறுத்தச் சொல்வது இன்னொன்று. நங்கூரம் விழுந்தால் பவளம் நொறுங்கும். ஈயக்குண்டு இடுக்கில் மாட்டும், தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு வர வேண்டியதுதான். அந்த நரம்பு மட்காமல் ஆமைக்கும் நண்டுக்கும் கண்ணியாகக் கிடக்கும். மணலில் நங்கூரம் போட்டு, பாரின் ஓரத்தில் இரையை இறக்குங்கள். விளமீனும் நகரையும் அங்கேயும் வரும். கிளிமீன் மாட்டினால் விட்டுவிடுங்கள். பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்ந்து பாரைச் சுத்தமாக வைப்பது அதுதான். நண்பன் தண்ணீருக்குள் இருக்கும்போது தூண்டில் வீசுவதையும் எஞ்சினைப் போடுவதையும் பற்றி விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் செய்கிறார்கள்.

பிடித்த மீனைக் கையால் கழற்றும் அவசரம் எனக்கும் இருந்தது. வடகடலில் ஓரா ஒன்று மாட்டியது. கைக்கு அடக்கமான, சாதுவாகத் தெரிகிற மீன். அதன் துடுப்புமுள்ளில் நஞ்சு உண்டு. குத்திய மறுநிமிடம் முழங்கை வரை கடுத்தது. ஐஸ் வைத்தேன், அது தவறு. பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைக்க வேண்டும், சூட்டில் அந்த நஞ்சு வலுவிழக்கும். திருக்கை முள்ளுக்கும் முதலுதவி இதுதான், பிறகு கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும். ஆகவே பிளாஸ்கில் டீயோடு வெந்நீரும் இருக்கட்டும். சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல்நீரால் கழுவுங்கள். உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் மாட்டினால் படம் எடுத்துவிட்டுக் கடலிலேயே விடுங்கள். குழம்பு வைத்தால் உயிரே போகலாம்.

செத்த பவளத்துண்டுதானே என்று பைக்குள் போடுவதும் குற்றம்தான். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை மூன்றும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கரையில் ஒதுங்கியது என்ற சமாதானம் சோதனையில் எடுபடாது.

கிளம்பும் முன் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் எல்லோர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போனால் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இலங்கை நெட்வொர்க் தானாக ஒட்டிக்கொள்ளும், பில்லைப் பார்க்கும்போதுதான் வெளிநாடு போய் வந்தது தெரியும்.