பெரிய வயலினை மாற்றிய பிறகு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கே வந்து எட்டு வயது மகளுக்கு வயலின் கற்பித்த ஆசிரியர், இடக்கை வலிக்கிறது என்று அவள் அழுதபோதெல்லாம் சாதகம், அதாவது வீட்டுப் பயிற்சி, போதவில்லை என்றே சொல்லிவந்தார். நானும் அதை நம்பி அவளைக் கடிந்துகொண்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

உண்மைக் காரணம் என் சிக்கனம். வளர்ந்த பிறகும் உதவுமே என்று முழு அளவு வயலினை வாங்கியிருந்தேன். தொடக்கப் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளையில் அமைந்தது. அந்த ராகத்தில் சுத்த ரிஷபம் என்ற ‘ரி’ ஸ்வரத்துக்கும் அந்தர காந்தாரம் என்ற ‘க’ ஸ்வரத்துக்கும் இடைவெளி அதிகம் என்பதால், பெரிய வயலினில் சிறு விரல்கள் காந்தாரத்தை எட்டாமல் சுருதி தாழ்ந்தே ஒலித்தது. வயலினைத் தோளில் வைத்து இடக்கையை நீட்டினால், அதன் சுருள் தலையை விரல்கள் சிரமமின்றி வளைத்துப் பிடிக்க வேண்டும். அவளுக்கு அது விரல் நுனிகளையும் தாண்டி நின்றது.

பழைய அரை அளவு வயலின் ஒன்றை வாங்கினேன். வேறொரு ஆசிரியையிடம், வாரம் இருமுறை ஒரு மணி நேரம் என்பதற்குப் பதிலாக மும்முறை அரைமணி நேரம் என்றும், அவர் வராத நாளுக்கு ஈடாக அதே மாதத்தில் வகுப்பு எடுப்பது என்றும் முன்கூட்டியே பேசிக்கொண்டேன். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் சுருதி சேர்ப்பது கடினம் என்பதால் காலை ஆறரை மணியைத் தேர்ந்தோம். மழைக்காலத்தில் ஈரத்தால், தந்திகளை முறுக்கும் முறுக்காணிகள் இறுகுவது மட்டும் இன்னும் தொல்லைதான். இரண்டு வாரங்களில் காந்தாரம் தன் இடத்தில் நின்றது. கைவலியைப் பற்றி அவள் பிறகு பேசவில்லை.