நாடாவை அவிழ்ப்பதற்கு முன்

இங்கிலாந்தின் சின்னச் சின்னச் சந்தை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் இருந்துவரும் சொலிசிட்டர் அலுவலகங்கள் உண்டு. பத்திரம், உயில் எழுதித் தரும் வழக்கறிஞர்தான் சொலிசிட்டர். பலகையில் கூட்டாளிகளின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வரும். அவற்றின் பரண்களிலும் நிலவறைகளிலும் கிடந்த காகிதங்கள்தான் இன்று கவுண்டி (மாவட்ட) ஆவணக் காப்பகங்களில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. வடக்கு இங்கிலாந்தில் அப்படியொரு காப்பகத்தில் ஆறு வருடமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் தன்னார்வலராக உட்கார்ந்து, ஒரே ஒரு அலுவலகத்தின், நாடாவால் கட்டிய காகிதக் கட்டுகளுக்கு விவரம் எழுதி வருகிறேன். வீட்டு வரலாறோ குடும்ப வரலாறோ தேடி வருபவர்கள் நேராகக் கிரயப் பத்திரத்தைக் கேட்கிறார்கள். பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் நல்ல சரக்கைப் பார்க்காமல் போகிறார்களே என்று எனக்கு மனசு கேட்பதில்லை.

முதலில் எந்த அலுவலகத்தின் காகிதங்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஸ்கவரி என்ற இணையக் கேட்டலாக்கில் கவுண்டி காப்பகங்களின் பட்டியல்களும் நிறைய உண்டு. குடும்பப் பெயரைப் போட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். கிராமத்தின் பெயர், பண்ணையின் பெயர், வயலின் பெயர் என்று போட்டுப் பாருங்கள். சேகரிப்பில் பாதி கேட்டலாக்கில் ஏறாமலே இருக்கலாம். ஆகவே காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அந்த ஊர்ப் பக்கத்து சொலிசிட்டர்கள் யாருடைய காகிதங்கள் உங்களிடம் இருக்கின்றன என்று கேட்பது நல்லது.

அந்தக் காலத்து சொலிசிட்டர் பத்திரம் மட்டும் எழுதியவர் இல்லை. மேனர் எனப்படும் பழைய பிரபு நிலத்தின் நீதிமன்றத்தை நடத்திய மேலாளராக இருந்திருப்பார். சுங்கச் சாலை டிரஸ்டின் எழுத்தராகவோ தேர்தல் ஏஜென்டாகவோ இருந்திருப்பார். அதனால் சாலைக் கணக்கும் வாக்காளர் பட்டியலும் ஒரே சேகரிப்பில் கிடைக்கும். உங்கள் வீடு காப்பிஹோல்ட் நிலத்தில், அதாவது மேனர் நீதிமன்ற ஏட்டில் பதிந்து அனுபவித்த நிலத்தில் இருந்தால் பத்திரத்தை விட மேனர் ஏடுகள்தான் முக்கியம். அந்த முறை 1925 இறுதிவரை நீடித்தது. மேனர் ஆவணங்களுக்குத் தனிப் பதிவேடே உண்டு, அதையும் பாருங்கள்.

இவ்வளவு காகிதம் சேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நிலத்தை விற்பவர் தன் உரிமையைப் பழைய பத்திரங்களை வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 1874இல் வந்த சட்டம் நாற்பது வருடத்துக்குக் காட்டினால் போதும் என்றது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் அதை முப்பதாகவும், 1969ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்தாகவும் குறைத்தன. 1990 டிசம்பரில் நிலப் பதிவு இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் கட்டாயமானது. தேவை குறையக் குறைய நிலவறைகள் காலியாயின. தோல் பத்திரங்களை வெட்டி விளக்குக் கூடு செய்தவர்களும் உண்டு. 1932இல் தொடங்கிய பிரிட்டிஷ் ரெக்கார்ட்ஸ் அசோசியேஷன் போன்றவர்கள் முன்வந்து மீட்டதால்தான் பலவும் தப்பின.

சரி, கட்டு உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. நாடாவை அவிழ்க்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். கட்டின் வெளிப்புறத்தில் எழுத்தர் எழுதிய குறிப்பை முதலில் படியுங்கள். எத்தனை ஆவணம், எந்த வரிசை, எது எதற்குள் மடிந்திருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு கட்டுக்குள் இருந்த மூன்று கடிதங்களைத் தனியாக எடுத்து, கடிதங்கள் என்று வேறு உறையில் போட்டேன். அவை ஒரு குறிப்பிட்ட அடமானப் பத்திரத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தவை. யாருடைய கடனைப் பற்றிப் பேசுகின்றன என்பதை அந்த மடிப்பு மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது. எந்தப் பத்திரம் என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது எனக்கு இன்னமும் வலிக்கிறது.

பத்திரத்தைப் படிப்பது பார்க்கும்போது பயமுறுத்தும். அகலமான ஆட்டுத்தோல், நிறுத்தக்குறியே இல்லாத எழுத்து. ஆனால் எழுத்தர் பெரிய எழுத்தில் எழுதிய சொற்களைப் பிடித்துக்கொண்டால் வழி தெரியும். ‘திஸ் இண்டென்சர்’ என்ற இடத்தில் தேதி. ‘பிட்வீன்’ வந்தால் தரப்பினர், அவர்களின் ஊர், தொழில். ‘வேர்ஆஸ்’ (Whereas) என்று தொடங்கும் பகுதிகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள், பழைய உயில்களும் கல்யாணங்களும் அடமானங்களும் அங்கேதான் இருக்கும். ‘விட்னெசெத்’ (Witnesseth) வரும் இடத்தில் தொகை. அப்புறம் சொத்து விவரம், நான்கெல்லையோடு. பக்கத்து நிலம் யாருடையது என்பதைக் கண்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த தேடலுக்கு அதுதான் சாவி. ‘டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்’ வந்த பிறகு பெரும்பாலும் வழக்கமான வாசகம், தாண்டிப் போகலாம். கடைசியில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டு இடத்தில் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு வீடு ஐந்து ஷில்லிங்குக்குப் போனதாகத் தெரிந்தால் அது விலையே இல்லை. அந்தக் காலத்தில் முதல் நாள் பேருக்கு ஐந்து ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஒரு வருடக் குத்தகை எழுதுவார்கள், மறுநாள் ரிலீஸ் என்ற உரிமை விடுப்புப் பத்திரம் எழுதி உண்மையான விலையைப் போடுவார்கள். 1841ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு அந்தக் குத்தகைச் சீட்டு தேவைப்படவில்லை. ஆகவே ஐந்து ஷில்லிங் கண்ணில் பட்டால் அதன் ஜோடியைத் தேடுங்கள். இன்னொன்று தேதி. 1752க்கு முன் இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25இல்தான் பிறந்தது. 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1721. சில பத்திரங்களில் ராஜாவின் ஆட்சியாண்டு மட்டும் இருக்கும். மூன்றாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தது 1760 அக்டோபர் 25. எனவே அவருடைய 12ஆம் ஆண்டு டிசம்பர் என்றால் 1771, பிப்ரவரி என்றால் 1772.

நான் இவ்வளவு நேரம் சொல்ல வந்தது இனிமேல்தான். வரைவுகளையும் பில் புத்தகங்களையும் கேட்டு வாங்குங்கள். முத்திரையிட்ட பத்திரத்தில் முடிவு மட்டும் இருக்கும். மனிதர்கள் தயங்கியதும் சண்டையிட்டதும் அடித்தல் திருத்தலோடு கிடக்கும் வரைவில்தான் இருக்கும். சொலிசிட்டர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் காசு கேட்டதால் பில் புத்தகம் கிட்டத்தட்ட ஒரு நாட்குறிப்பு. 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்று திரும்பத் திரும்ப வரும், அது ஒரு பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு.

1840களைச் சேர்ந்த ஒரு விவசாயியின் உயில் வரைவு என் கைக்கு வந்தது. மூத்த மகளின் பெயர் அடிக்கப்பட்டு, ஓரத்தில் மறுபடி எழுதப்பட்டு, மறுபடி அடிக்கப்பட்டிருந்தது. பில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், ஒரே குளிர்காலத்தில் உயிலை மாற்றச் சொன்னதற்காக மூன்று பில்கள். மூன்றாவது பில்லில் எழுத்தர் பண்ணைக்கே குதிரையில் போயிருக்கிறார், குதிரை வாடகையும் சேர்த்து எழுதியிருக்கிறது. 1858 ஜனவரிக்கு முன் உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்கள்தான் மெய்ப்பித்துப் பதிந்தன. யார்க் பகுதி உயில்கள் யார்க் நகரத்து ஆவணக் காப்பகமான போர்த்விக் இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன. அங்கே தேடியபோது இறுதி உயிலில் அந்த மகளின் பெயர் இருந்தது.

சில கட்டுகளைத் தர மறுப்பார்கள். கட்சிக்காரரின் ரகசியம் இன்னும் உயிரோடு இருக்கும் காகிதங்கள் அவை. வாதாடாமல், எப்போது திறக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தோலைத் தொடும்போது கையுறை வேண்டாம், கழுவி நன்றாக உலர்த்திய கை போதும். சுருண்டுகொள்ளும் பத்திரத்தை அழுத்தி விரிக்காமல், எடைச் சரம் (தாளை அழுத்திப் பிடிக்கும் கனமான சரம்) கேட்டு வாங்கி ஓரங்களில் வையுங்கள். துருப்பிடித்த ஊசி குத்தியிருந்தால் நீங்களே பிடுங்காமல் பணியாளரைக் கூப்பிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது நீங்கள் எழுதிவைத்த அதே வரிசையில் அடுக்கி, இறுக்கிக் கட்டாமல் நாடாவை உருவு முடிச்சாகப் போட்டுக் கொடுங்கள்.