பகா எண்ணும் பகு எண்ணும்: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

"1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண்" என்று மனப்பாடம் செய்த பிள்ளைகளே பெரும்பாலும் 1ஐயும் பகா எண்களோடு சேர்த்து எழுதுகிறார்கள். அந்த வரையறைப்படி அது சரியாகவே தோன்றுவதால், முதலில் வரையறையைத்தான் திருத்த வேண்டும். சரியாக இரண்டு காரணிகளை உடைய எண் பகா எண். இரண்டுக்கு மேற்பட்ட காரணிகளை உடைய இயல் எண் பகு எண். 1க்கு ஒரே காரணிதான் என்பதால் அது இரண்டிலும் சேராது. மேலும், 1ஐப் பகா எண்ணாகக் கொண்டால் 12ஐ 2×2×3 என்றும், 1×2×2×3 என்றும், இன்னும் எத்தனையோ விதமாகவும் எழுதலாம். பகாக் காரணிகளாகப் பிரிக்கும் வழி ஒன்றே என்ற அடிப்படையே குலைந்துவிடும்.

ஒற்றைப்படை எண்ணெல்லாம் பகா எண் என்ற எண்ணமும் பரவலானது. 2 இரட்டைப்படையாக இருந்தும் பகா எண். 51, 57, 91 ஆகியவை ஒற்றைப்படையாக இருந்தும் பகு எண்கள்.

சோதனையைப் பாதியில் நிறுத்துவதே எனக்குப் பெருங்கவலை தரும் தவறு. ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்திறங்கிய 1819ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அது 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாது. 7ஆல் வகுத்தால் மீதி 6, 11ஆல் வகுத்தால் 4, 13ஆல் வகுத்தால் 12. இந்த இடத்தில் "பகா எண்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடும் மாணவர், அடுத்த படியிலேயே காத்திருக்கும் 17×107ஐத் தவறவிடுகிறார். 43இன் வர்க்கம் 1849. இரு காரணிகளுமே 43 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெருக்கற்பலன் 1819ஐத் தாண்டிவிடும் என்பதால், 41 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தாக வேண்டும், அதற்கு மேல் தேவையில்லை. இதே காரணத்தால் 97க்கு 2, 3, 5, 7 மட்டும் போதும். அதன் பாதியளவான 48 வரை வகுத்துப் பார்ப்பது வீண் உழைப்பு.

ஓர் எண்ணைப் படிப்படியாகக் காரணிகளாகக் கிளை பிரித்துக் காட்டும் காரணி மரத்தை முழுமையாகப் பிரிக்காமல் விடுவதன் விளைவு, உயர்நிலை 1இல் மீப்பெரு பொதுக் காரணி காணும்போது வெளிப்படுகிறது. 60ஐ 4×15 என்றும் 90ஐ 9×10 என்றும் நிறுத்தியவர் கண்ணுக்குப் பொதுவாக எதுவும் தென்படாமல் விடையை 1 என எழுதிவிடுவார். 2×2×3×5 என்றும் 2×3×3×5 என்றும் பிரித்திருந்தால், இரண்டிலும் உள்ள 2, 3, 5 மூன்றையும் பெருக்கி 30 என்ற விடைக்கு வந்திருப்பார்.